லிஸ்பனுக்கு மூன்று நாள் திட்டம் போடுகிறோம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை இரண்டு நாள் போவது எப்படி?

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்கு மூன்று நாள் போய் வருவதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 90 யூரோ கட்டி ஷெங்கன் விசா வாங்க வேண்டும். பழைய நகரத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்க வேண்டும். முதல் நாள் கோட்டை, தேவாலயம், சந்தை என்று நடந்தே பார்ப்பது. இரண்டாம் நாள் டிராம், துறைமுகம், மீன் சாப்பாடு. மூன்றாம் நாள் ரயில் பிடித்து ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போய் ஒரு சாயங்காலம். லிஸ்பன் போன்ற கடலோர ஊர்களுக்கு இது கிட்டத்தட்டப் பொருந்தும். யூடியூபில் தமிழிலேயே நூறு வீடியோ கிடைக்கிறது.

இதே வாய்ப்பாட்டை நம்ம ஊரில் எங்கே போட்டுப் பார்க்கலாம்? பழைய நகர மதில், தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், கடலோடிகள் கட்டிய தேவாலயம், பார்சிகளின் அக்னி ஆலயம், சூஃபி ஞானியின் தர்கா, சோழர் காலத்துக் கற்றளி, மீன்பிடித் துறைமுகம், கடைசியில் ஓர் ஆற்று முகத்துவாரம். இவை எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும் இடம் வடசென்னை. மதராஸ் மாகாணத்தின் தலைநகராக இருந்த ஊரின் வாசற்படியே இதுதான். ஆனால் வெளியூர்க்காரரை விடுங்கள், அடையாறிலும் அண்ணா நகரிலும் இருப்பவர்களே "அங்க போய் என்னத்தப் பாக்குறது?" என்றுதான் கேட்பார்கள். சினிமாவில் பார்த்த ரவுடி, குத்துச்சண்டை, கேரம் போர்டு. அதோடு முடிந்துபோகிறது பலருடைய வடசென்னை.

பார்க்க நிறைய இருக்கிறது. அதைப் பார்க்கும்போது கூடவே இன்னொன்றையும் பார்க்க நேரிடும். அதற்குக் கடைசியில் வருவோம்.

எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். சின்னப் படகுகள் மட்டும் போய் வரும். காசிமேட்டின் முழுச் சந்தடியையும் பார்க்க நினைத்தால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். படகுகளைப் பழுது பார்ப்பதையும் வலை பின்னுவதையும் நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டால் அப்போதுதான் போக வேண்டும்.

ஐரோப்பிய நகரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெருமை, விமான நிலையத்திலிருந்து நேராக ரயிலில் ஊருக்குள் போய்விடலாம் என்பது. 2021 பிப்ரவரி 14 முதல் வடசென்னைக்கும் அது உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிக்கப்பட்ட மெட்ரோவில், மீனம்பாக்கத்தில் ஏறினால் வண்டி மாறாமல் திருவொற்றியூரில் இறங்கலாம். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். எண்ணூருக்கு கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் இருக்கிறது. தங்குவதற்குப் பாரிமுனை, சென்ட்ரல், எழும்பூர் பக்கம் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். ராயபுரத்துக்கு அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிஷம்.

சொந்தக் காரை எடுக்காதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. பைக்கில் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதல் நாள்: விடியலில் காசிமேடு

மற்ற ஊர்களில் காலை பத்து மணிக்கு மேல் சுற்றலாம். இங்கே முதல் நிகழ்ச்சி விடியற்காலையில். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் 1980-களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் இந்தக் கரையில் மீனவர் வாழ்க்கை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. இருட்டிலேயே படகுகள் வந்து மீனை இறக்கும், ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி என்று குவியல் குவியலாகக் கிடக்கும். மொத்த ஏலம் முடிந்த பிறகுதான் சில்லறை வியாபாரம். வாங்கிய மீனை அங்கேயே செதில் எடுத்து, வெட்டித் தரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்குத் தனிக் கூலி, பேரம் பேசாமல் கொடுப்பது மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு ஊரே மீன் வாங்க வந்திருக்கும், நிற்க இடம் இருக்காது. வார நாளில் போனால் ஒதுங்கி நின்று பார்க்கலாம். கேமராவை எடுப்பதற்கு முன் "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தலையில் கூடையோடு ஓடிவருகிறவருக்கு வழிவிடுங்கள். தரை முழுக்கத் தண்ணீரும் ஐஸ் தூளும் இருக்கும், ரப்பர் செருப்பே போதும்.

கடற்கரையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். மெரினாவில் அவ்வளவு மணல் இருக்கிறது, இங்கே ஏன் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்? காரணம் நடுவில் இருக்கும் துறைமுகம். சென்னைக் கடலோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் கடலுக்குள் கையை நீட்டி அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை குப்பங்கள் வீடுகளை இழந்துகொண்டே வந்தன. அந்தக் கற்சுவர்களும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் அதன் விளைவு. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பதில் கொஞ்சம் வடசென்னையின் மணலும் உண்டு.

ராயப்பர் ஊர், பார்சி அக்னி

காலை டிபனுக்குப் பிறகு ராயபுரத்துக்குள் நடக்கலாம். பெயரிலிருந்தே தொடங்குவோம். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். ராயப்பர்புரமே ராயபுரம் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் பெயர் கொண்ட தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகுகளை ஓட்டிய இந்த மக்கள். கவர்னராக வந்தவர்கூட முதலில் இவர்களுடைய தைரியத்தை நம்பித்தான் மதராஸில் கால் வைத்தார். அந்தப் படகோட்டிச் சமூகம் தன் உழைப்புப் பணத்தில் கட்டிக்கொண்ட கோயில் இது.

அங்கிருந்து சிறிது நடந்தால் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னி ஆலயம். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பிரோஜ் கிளப்வாலா என்ற பார்சிப் பிரமுகர், சின்ன வயதிலேயே இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே அக்னி ஆலயம் இதுதான். அங்கே அணையாமல் எரியும் நெருப்பைப் பார்சி அல்லாதவர்கள் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. அது அவர்களுடைய வழிபாட்டு விதி, வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

பிறகு ரயில் நிலையம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதற்கு முன்பே 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ரயில் விட்டார்கள். ஆனால் அந்த இரண்டு ஊரிலும் முதல் கட்டடம் இன்றைக்கு இல்லை. அதனால் இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெயர் ராயபுரத்துக்குக் கிடைத்தது. 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு கூட்டம் அங்கே போய்விட்டது. கவனிப்பாரற்றுக் கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2005 அக்டோபர் 2-ல் மீண்டும் திறந்தார்கள்.

இதே கட்டடம் லிஸ்பனிலோ வியன்னாவிலோ இருந்திருந்தால் உள்ளே ஒரு அருங்காட்சியகமும் காப்பிக் கடையும் இருந்திருக்கும். இங்கே உயரமான தூண்களும் அமைதியும்தான். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், இல்லாவிட்டால் அபராதம். ராயபுரத்தைப் பெரிய ரயில் முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னை மக்களின் நீண்டநாள் கோரிக்கை. முனையம் வந்தால் பழைய கட்டடம் என்னாகும் என்ற கவலை மரபுச் சின்ன ஆர்வலர்களுக்கு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு நூறு பேராவது டிக்கெட் எடுத்துப் பார்க்க வரும் கட்டடத்தை இடிப்பது கஷ்டம். யாரும் எட்டிப் பார்க்காத கட்டடத்தை இடிப்பது சுலபம்.

மதில், பூங்கா, அத்தோ

பிற்பகலில் இரண்டு இடம். ஒன்று, பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கும் மாடிப் பூங்கா. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் பெரிய மதில் கட்டினார்கள். கட்டிய செலவுக்கு மக்களிடம் வரி போடுவதாகத் திட்டம். மக்கள் எதிர்த்தார்கள், வரி வசூலாகவே இல்லை. ஆனால் 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மதிலில் மிச்சம் இருக்கும் துண்டின் மேல்தான் இந்தப் பூங்கா. ஐரோப்பாவில் நகர மதில் மேல் நடப்பதற்கே டிக்கெட் வாங்குகிறார்கள். நம்முடைய மதில் எங்கே இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, முன்பு ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டின் அடுத்த எழுபது ஆண்டு அரசியல் தொடங்கிய மைதானத்தைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜாருக்கு எதிரே தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த உணவு. நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ஓர் அகதிக் கூட்டத்தின் வரலாற்றை இதைவிட மலிவாக எங்கும் சாப்பிட முடியாது.

இரண்டாம் நாள்: மெட்ரோ வழியே ஊர்ப் பெயர்கள்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி வடக்கே போங்கள். பாதி வழியில் ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறிவிடும். அறிவிப்பில் வரும் பெயர்களைக் கவனித்துக் கேட்டால் அதுவே ஒரு வரலாற்று வகுப்பு. வண்ணாரப்பேட்டை, கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். தண்டையார்பேட்டை, தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்து தங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்ததால் வந்த பெயர். அவருடைய தர்கா இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, இந்துக்களும் போவார்கள். அடுத்து காலடிப்பேட்டை. யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய காலெட்பேட்டை அது. முந்நூறு ஆண்டில் நம் நாக்கு ஒரு வெள்ளைக்காரரைக் காலடியாக மாற்றிவிட்டது. விம்கோ நகர், ஸ்வீடன் நாட்டுத் தொடர்புள்ள தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்.

தொழில் வரலாற்றில் ஆர்வம் இருந்தால் திருவொற்றியூர் ஒரு சுரங்கம். 1946-ல் மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஒரு கொட்டகை போட்டார்; பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது அந்தக் கொட்டகைதான். புல்லட் பைக்கின் இந்தியக் கதையும் 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரிலிருந்து திருவொற்றியூருக்கு வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் பாதி வண்டிகளுக்குப் பூர்வீகம் இந்தக் கடலோரம் என்றே சொல்லலாம்.

திருவொற்றியூர்க் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரின் முயற்சியால் கருங்கல்லில் எழுந்தது. கருவறையின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருப்பதைச் சுற்றி வரும்போது பாருங்கள். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம் என்பதால் எப்போதும் கவசம் சாத்தியிருக்கும். ஆண்டுக்கு மூன்று நாள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் கவசம் களைவார்கள். அந்த நாட்களில் கூட்டம் தாங்காது. சுந்தரர் சங்கிலியாரிடம் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு மீறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாசித் திருவிழாவில் அதை நடத்திக் காட்டும் மகிழடி சேவை பார்க்க வேண்டிய ஒன்று. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வசித்த வள்ளலார் சிறு வயதிலிருந்தே நடந்து வந்து வழிபட்ட கோயிலும் இதுதான். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

'சுற்றுலாத் திட்டம்' என்ற சொல் வருவதற்கு முன்பே இந்த ஊர்ப் பெண்கள் ஒன்று வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். ஒரே நாளில் மூன்று ஊர், மூன்று அம்மன், கட்டுச்சோறு கையில். நேரக் கணக்கு தவறாமல் பஸ் மாறிப் போய்விட்டு வந்த பாட்டிகளிடம் பயண நிறுவனங்கள் பாடம் கேட்கலாம்.

எண்ணூர்: முன்பு எதற்குப் போனார்கள், இப்போது எதற்குப் போவது?

ஐரோப்பியப் பயணத்தின் கடைசி நாளில் வரும் முகத்துவாரம் நம் கணக்கில் எண்ணூர். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு காலத்தில் மதராஸ் வெள்ளைக்காரர்களின் ஓய்வு ஊரே எண்ணூர்தான். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம், படகுப் பயணம், மீன், கடற்காற்று. 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் மதராஸிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் வெட்டினார். அதுதான் பிறகு நீண்டு நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் போன அதே வழியில் துரைமார்களும் படகில் போனார்கள். நாம் இன்று லிஸ்பனுக்குப் போவது போல, அன்றைக்கு லண்டன்காரர் எண்ணூருக்குப் போனார்.

இப்போது மாலை நான்கு மணிக்கு எண்ணூர் ரயில் நிலையத்தில் இறங்கி முகத்துவாரம் பக்கம் போனால் இரண்டும் சேர்ந்து தெரியும். அலையாத்திச் செடிகள், சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், சின்னப் படகுகள், தூரத்தில் கொக்கும் நாரையும். அதற்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரிக் கன்வேயர்கள், உயரழுத்த மின்கோபுரங்கள், துறைமுகக் கிரேன்கள். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. அதன் சாம்பல் கரைசல் குழாய்களிலிருந்து கசிந்து ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, ஆழம் குறைந்து, மீன் குறைந்தது என்று மீனவர்கள் பல ஆண்டாகச் சொல்கிறார்கள். 2001-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகத்துக்கு இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'புறம்போக்கு' பாட்டு இந்தக் கழிமுகத்தைப் பற்றியதுதான்.

வடசென்னைக்கும் எண்ணெய்க்கும் பழைய உறவு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு போட்டது துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல்தான். ஆனால் எதிரி இல்லாமலே நடந்தவைதான் அதிக சேதம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது; இளைஞர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிய படத்தை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவர், படகு, வலை, கூழைக்கடாவின் இறக்கை, எல்லாம் கறுப்பு. அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் அறிவித்தது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு.

இப்படிப்பட்ட ஊருக்குச் சுற்றிப் பார்க்கப் போவது சரியா? நியாயமான கேள்வி. லிஸ்பன் இதற்கு ஒரு பாதி விடை வைத்திருக்கிறது. அந்த ஊரின் கிழக்குக் கரையிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் கிடங்குகளும் பழைய துறைமுகக் குப்பையும் இருந்தன. 1998 உலகக் கண்காட்சிக்காக ஆலையை அப்புறப்படுத்தி, மண்ணைச் சுத்தம் செய்து, நதியோரத்தில் பூங்காவும் மீன் காட்சியகமும் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் சுத்தம், பிறகு விருந்தாளி என்பது அங்கே வரிசை. அதே லிஸ்பனில் அல்பாமா என்ற பழைய கடலோடிக் குடியிருப்பில் வேறு கதை: பயணிகள் பெருகப் பெருக வீடுகள் எல்லாம் நாள் வாடகை அறைகளாகி, வாடகை ஏறி, அங்கேயே பிறந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

எண்ணூருக்கு இரண்டாவது ஆபத்து இப்போதைக்கு இல்லை. முதலாவது வேலை தொடங்கவே இல்லை. ஆகவே இங்கே போகிறவர் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறவராக மட்டும் இருக்க முடியாது என்பது என் கருத்து. சென்னை முழுவதும் எரியும் விளக்குக்கும் ஓடும் பெட்ரோலுக்கும் பின்புறம் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்தவர், அடுத்த தடவை செய்தியில் "எண்ணூர்" என்று வந்தால் சேனலை மாற்ற மாட்டார். அது சின்ன விஷயமில்லை. இங்கே நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குத் தென்சென்னைக்காரர் வருவது அபூர்வம். மின்சாரம் மட்டும் தவறாமல் அங்கே போகிறது.

நடைமுறையில் சில விஷயம். ஆஸ்துமா, மூச்சுக் கோளாறு இருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எண்ணூரை விட்டுவிட்டுத் திருவொற்றியூரோடு திரும்பிவிடலாம். மணலி-எண்ணூர்ப் பகுதியில் காற்று நாற்றமெடுக்கும் நாட்கள் உண்டு. நெட்டுக்குப்பம் கடற்கரையில் கடலுக்குள் நீண்டு சிதைந்து நிற்கும் பாலம் போட்டோவுக்குப் பிரபலம். அதன் மேல் ஏறாதீர்கள். இந்தக் கரை முழுக்க ஆழமும் இழுப்பும் அதிகம், கற்களுக்கு நடுவே குளிக்க இறங்கவே கூடாது. தெரிந்தவர் யாராவது படகில் கூட்டிப்போவதாகச் சொன்னாலும் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். வடக்கே பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கட்டும். பழவேற்காட்டுக்கு, டச்சுக்காரர் கல்லறையும் ஏரியும் பார்க்க, இன்னொரு முழு நாள் வேண்டும், இதோடு சேர்க்காதீர்கள்.

எண்ணெய் படிந்த சுவரைப் படமெடுக்கலாம். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை, கேட்காமல் எடுக்காதீர்கள். 2017-லிருந்து எத்தனையோ கேமராக்கள் வந்து போய்விட்டன, அவர்களுக்கு அலுத்திருக்கும். பேசினால் பேசுவார்கள்; டீ கூடக் கிடைக்கலாம். கசிவுக்குப் பிறகு "எண்ணூர் மீனா?" என்று கேட்டே வியாபாரம் படுத்துப்போன ஊர் இது. கடலுக்குள் போய்ப் பிடித்து வந்த மீனைக் கரையிலேயே விற்பவர்களிடம், எங்கே பிடித்தது என்று விசாரித்து, பிடித்திருந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள்.

திரும்பும்போது சூரியன் அனல்மின் நிலையத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ராத்திரியில் மின்சார ரயில்களுக்கு இடைவெளி அதிகம், இருட்டுவதற்குள் எண்ணூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். வண்டி தவறினால் ஷேர் ஆட்டோ அல்லது பஸ்ஸில் விம்கோ நகர் வந்து மெட்ரோ பிடிக்கலாம். வாங்கிய மீன் மெட்ரோவுக்குள் வாசனை அடிக்காமல் இரண்டு பையில் போட்டுக் கட்டித்தரச் சொல்ல மறக்காதீர்கள்.